பிரிக்கப்பட்ட வீடும் பகிரப்படும் நீரும்

திருவனந்தபுரத்தின் பழைய பகுதிகளுள் ஆரியசாலையும் ஒன்று. சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஒரு குடும்பத்திற்கென எழுந்த வீடு, பாகப் பிரிவினையாலோ வாடகைக்கு விடுவதற்காகவோ தனித்தனிக் குடியிருப்புகளாக மாறுவது இத்தகைய பகுதிகளில் இயல்பு. சுவர் எழுப்பி அறைகளைப் பிரித்துவிடலாம். நீரை அவ்வளவு எளிதில் பிரிக்க இயலாது. முன்னரே திட்டமிடாவிடில் கீழ்த்தளத்தில் நீர் பெருகும், மேல்தளத்தில் குழாய் வறளும். அதனால் உறவினரிடையேயும் பூசல் உண்டாகும்.

நீர் வரும் வழி

முற்காலத்தில் இந்நகர மக்கள் பெரும்பாலும் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தனர். 1933ஆம் ஆண்டு வில்லிங்டன் பிரபுவின் பெயரால் அமைந்த குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. கரமனை ஆற்றின் நீர் அருவிக்கரையில் எடுக்கப்பட்டுக் குழாய் வழியாக நகருக்கு வந்தது. பின்னர் அதே ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை கட்டப்பட்டது. 1984 முதல் கேரள நீர் ஆணையம் இவ்வழங்கலை நடத்தி வருகிறது.

தேவையைக் கணக்கிடுதல்

நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது இந்தியாவில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஒரு வீடு நான்கு குடியிருப்புகளாகி, ஒவ்வொன்றிலும் நால்வர் வாழ்வதாகக் கொள்வோம். 16 பேருக்கு நாள்தோறும் 2,160 லிட்டர் வேண்டும். 30 நாள்களுக்கு 64,800 லிட்டர் ஆகும். முன்பு ஒரு குடும்பத்திற்குப் போதுமாயிருந்த சிறு குழாயும் தொட்டியும் இதற்குப் போதா.

கட்டணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயன்பாடு மிகுந்தால் வீட்டு இணைப்பில் ஆயிரம் லிட்டருக்கான வீதமும் படிப்படியாக உயரும். நான்கு குடும்பத்தாரும் ஒரே மீட்டரைப் பயன்படுத்தினால், சிக்கனமாக வாழ்பவரும் உயர்ந்த வீதத்தில் பங்கு செலுத்த நேரிடும். ஆகவே, தனித்தனி இணைப்பு பெற இயலுமா என்பதைப் பணி தொடங்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. இயலாதாயின், ஒவ்வொரு குடியிருப்பின் குழாயிலும் துணை மீட்டர் பொருத்திச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

தொட்டியும் குழாயும்

நீர் தன் உயரத்திற்கேற்ப அழுத்தம் பெறுகிறது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தம் தரும். தொட்டிக்கு அண்மையிலுள்ள மேல்தளத்தில் உயரம் குறைவாதலால் அழுத்தமும் குறையும். எல்லாத் தளங்களுக்கும் ஒரே குழாய் இறங்கினால், கீழே குழாயைத் திறந்தவுடன் மேலே நீர் மெலியும். இதனைத் தவிர்க்க, தொட்டியிலிருந்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிக் குழாய் இறங்க வேண்டும். அதன் தொடக்கத்தில் ஒரு வால்வும் இருத்தல் வேண்டும். அவ்வாறாயின், ஒரு வீட்டில் பழுது பார்க்கும்போது பிற வீடுகளுக்கு நீர் தடைப்படாது. மேல்தளத்திற்குச் சற்றுப் பருத்த குழாய் அமைப்பதும், தொட்டியை உயர்ந்த மேடையில் வைப்பதும் பயன் தரும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித் தொட்டி வைத்தால் ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ள வழியில்லை.

ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம் ஆகும். பழைய சுவரும் கூரையும் அச்சுமையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஆராய்ந்த பின்னரே தொட்டியை ஏற்ற வேண்டும்.

செய்யத்தகாதவை

நகரக் குழாயில் மோட்டாரை நேரே இணைத்து நீரை உறிஞ்சலாகாது. அது அண்டை வீட்டாரின் பங்கைக் குறைக்கும். குழாயில் வெடிப்பு இருப்பின் சாக்கடை நீரையும் உள்ளே இழுக்கும். எனவே நீரை முதலில் தரைக்கீழ்த் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து மேலேற்ற வேண்டும். கிணற்று நீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒன்றாக இணைத்தலும் கூடாது.

வீட்டைப் பிரிப்பவர்கள் அறைகளை அளப்பதற்கு முன் நீரை அளத்தல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு தவறாமல் கிடைத்தால், சுவர் இடையில் நின்றாலும் உறவு நிலைக்கும்.

செயல்பாடு: உம் வீட்டில் ஒரு நாளில் செலவாகும் நீரைக் கணக்கிட்டு, ஒருவருக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என எழுதுக.