உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வயிற்றில் ஓர் ஆசிட்!

மாண்ட்ரியல் ஹார்டுவேர் கடைகளில் நீச்சல் குளச் சாமான்களோடு கேன் கேனாக விற்கிறதே மியூரியாட்டிக் ஆசிட், அது பள்ளிக்கூட லேபில் நாம் பார்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமேதான்! நூற்றுக்குச் சுமார் 31 பங்கு அமிலம்!

அதே அமிலம் இந்த நிமிடம் உங்கள் வயிற்றிலும் சுரக்கிறது! இரைப்பை ஒரு நாளில் சுரக்கும் நீர் சுமார் 2 லிட்டர்!

அது வயிற்றுக்குள் செய்யும் வேலையை உலகம் கண்ணால் பார்த்தது யாரால் தெரியுமா? மாண்ட்ரியலுக்கு வடகிழக்கே, பெர்த்தியே ஊரில் பிறந்த ஒரு படகோட்டியால்! பெயர் அலெக்சிஸ் சென்-மார்த்தன்!

1822 ஜூன் 6. மாக்கினாக் தீவின் கடையொன்றில் தவறுதலாக வெடித்த துப்பாக்கி அவர் வயிற்றைப் பிளந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஓட்டை மட்டும் மூடவே இல்லை!

அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் வில்லியம் பியூமாண்ட் சும்மா இருப்பாரா? 1825 ஆகஸ்ட் 1 அன்று இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி ஓட்டை வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே இழுத்தார். முட்டைக்கோசும் ரொட்டியும் பாதியைக் காணோம்! இறைச்சி போட்டது போட்டபடி!

அந்த வயிற்று நீரைப் பிடித்து வேதியியல் அறிஞர்களிடம் கொடுத்தார். உள்ளே இருந்தது மியூரியாட்டிக் ஆசிட்!

ஓட்டை வயிற்றோடு சென்-மார்த்தன் வாழ்ந்தது 58 ஆண்டுகள்! டாக்டர் காலமாகி 27 ஆண்டுகள் கழித்துத்தான் இவர் கண்ணை மூடினார்!

1880-ல் அவர் இறந்ததும், மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஆஸ்லர் அந்த வயிற்றுக்கு ஆசைப்பட்டார். குடும்பம் விடுமா? யாரும் அறுத்துவிடக் கூடாதென்று உடலை அழுகவிட்டு, ஜோலியெட் பக்கத்துச் சென்-தோமாவில் புதைத்தது. குழியின் ஆழம் 8 அடி!

வயிற்றை விட்டு வெளியே வருவோம். செங்கல் சுவரில் உப்புப் பூத்தால் நீர்த்த மியூரியாட்டிக் ஆசிட் அதை எடுத்துவிடும். அதே கையோடு மாண்ட்ரியலின் பழைய சாம்பல் நிறக் கல்வீடுகளைத் தொட்டுவிடாதீர்கள்! அது சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டதும் பொங்கி நுரைத்துக் கரையும். அந்தக் கல்லின் வயது சுமார் 45 கோடி ஆண்டுகள்!

தங்கத்தை இந்த ஆசிட் தனியாக ஒன்றும் செய்யாது. மூன்று பங்கு இதோடு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் சேர்ந்தால்? தங்கமே கரையும்! ராஜ திராவகம் என்பது இதுதான்!

நீங்கள் விழுங்கும் கேப்சூல் உறையின் ஜெலட்டினுக்காக மாட்டெலும்பை ஊறவைப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான்!

இனிக் கவனமாகப் படியுங்கள். காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இதன் ஆவி கலந்தாலே உயிருக்கு ஆபத்து! தொண்டை எரியும், மூச்சு இறுகும், நுரையீரலில் நீர் கோக்கும்!

டாய்லெட் பளிச்சிடட்டும் என்று பிளீச்சையும் இதையும் சேர்த்து ஊற்றுகிறீர்களா? கிளம்புவது குளோரின்! முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே விஷவாயு! மாண்ட்ரியலின் 13-ஆவது பட்டாலியன் நின்றதும் அந்த முனையில்தான்! போர்க்களத்தில் வீசியதை உங்கள் குளியலறைக்குள் நீங்களே வரவழைக்கலாமா?

ஆசிட்டுக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது! கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல விட வேண்டும்!

பனிக்காலத்தில் கேனை பேஸ்மென்டில் வைப்பவரா? மூடியை இறுக்கியிருந்தாலும் கசியும் ஆவி, பக்கத்திலிருக்கும் சுத்தியலையும் ஆணியையும் துருவாக்கிவிடும்! மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாமல் நகராட்சியின் எக்கோசென்டரில் கொடுத்துவிடுங்கள்!

கண்ணில் பட்டதா? குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள்! விழுங்கிவிட்டார்களா? வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! ஏறும்போது தொண்டையை இன்னொரு முறை சுடும்!

கியூபெக் நச்சுத் தகவல் மைய எண்ணை இன்றே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்: 1-800-463-5060!