சரக்கெடுக்கப் போகிறவருக்கு இரண்டாவது டிக்கெட்டின் கணக்கு

மலையகத்தின் புடைவை வியாபாரத்துக்குத் தீபாவளியே பெரிய சீசன். தோட்டத் தொழிலாளருக்குத் தீபாவளி முற்பணம் கிடைத்ததும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா கடைவீதிகளில் நடக்கும் இரண்டு வார வியாபாரம் பல கடைகளின் வருடக் கணக்கையே தீர்மானித்து விடுகிறது. இதற்காக எமது சிறு வியாபாரிகள் பலர் கொழும்பு மொத்தக் கடைகளை மட்டும் நம்பியிராமல் தாமே இந்தியா சென்று சரக்கெடுக்கின்றனர். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போகும் டிக்கெட்டை நாலு பேரிடம் விசாரித்து எடுப்பவர்கள், சென்னையிலிருந்து மும்பைக்கோ சூரத்துக்கோ டில்லிக்கோ ஏறும் உள்நாட்டு விமானத்தைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. "அங்கே போய்ப் பார்ப்போம்" என்று விட்டு விடுகிறார்கள். இந்த வழியில் பல வருடங்களாகப் போய்வருபவன் என்ற வகையில் சொல்கிறேன், மிச்சம் பிடிக்கக்கூடிய இடமும் கைநட்டம் வரும் இடமும் அந்த இரண்டாவது டிக்கெட்தான்.

விமானக் கட்டணம் பஸ் கட்டணம் போன்றதல்ல. ஒரே விமானத்தின் ஆசனங்களையே நிறுவனம் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். கடைசி நேரத்தில் காலி ஆசனத்தை மலிவாகத் தள்ளி விடுவார்கள் என்ற நம்பிக்கை எம்மவரிடம் இன்னும் இருக்கிறது. நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கடைசி நாட்களில் டிக்கெட் தேடுபவர் எப்படியும் போயாக வேண்டியவர் என்பது நிறுவனத்துக்குத் தெரியும்.

2003இல் எயார் டெக்கான் பறக்கத் தொடங்கி, 2005இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006இல் இண்டிகோவும் வந்த காலத்தில் ஒரு ரூபா டிக்கெட் விளம்பரங்களைக் கூடப் பார்த்தோம். அந்தப் போட்டி இன்றில்லை. கிங்பிஷர் 2012இலும், ஜெட் எயார்வேஸ் 2019இலும், கோ பர்ஸ்ட் 2023இலும் நின்று போயின. விஸ்தாரா 2024 நவம்பரில் எயார் இந்தியாவுடன் இணைந்து விட்டது. இப்போது இந்திய உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இண்டிகோ என்ற ஒரே நிறுவனத்தில்தான் போகின்றனர். தெருவில் கடைகள் குறைந்தால் விலை என்னவாகும் என்பதை வியாபாரிக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எனவே பல நிறுவனங்கள் பறக்கும் வழித்தடத்தைப் பிடிப்பதே முதல் வேலை. சென்னை–மும்பை, சென்னை–டில்லி போன்றவற்றில் நாளொன்றுக்குப் பல விமானங்கள் உண்டு. சிறிய நகரங்களுக்கு ஒன்றிரண்டுதான், விலையும் அதற்கேற்ப. சூரத்துக்கு நேரே டிக்கெட் தேடும்போது, மும்பை வரை விமானத்திலும் அங்கிருந்து ரயிலிலும் போனால் என்ன செலவு என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மும்பையிலிருந்து சூரத் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். 2022இல் தொடங்கிய வந்தே பாரத் ரயில் சூரத்திலும் நிற்கிறது, பயணம் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். ரயிலுக்கும் முற்பதிவு வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அதைவிட நல்ல வழியொன்று உண்டு. கொழும்பிலிருந்து மும்பைக்கும் டில்லிக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. போகும்போது கொழும்பு–மும்பை, திரும்பும்போது சென்னை–கொழும்பு என்று ஒரே டிக்கெட்டாகக் கேட்டு வாங்கலாம். சரக்கெடுத்துக்கொண்டே தெற்கு நோக்கி வருபவருக்கு ஓர் உள்நாட்டுப் பயணம் அப்படியே குறைந்து விடுகிறது. திருப்பூர், ஈரோடு பக்கம் மட்டும் போகிறவருக்கு உள்நாட்டு விமானமே வேண்டியதில்லை. திருச்சியில் அல்லது மதுரையில் இறங்கினால் மிச்சத் தூரம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் உரியது.

காலத்தையும் பார்க்க வேண்டும். எமது தீபாவளிதான் அவர்களுக்கும் தீபாவளி. அந்த வாரங்களில் இந்தியா முழுவதும் ஊருக்குப் போகும் கூட்டம், கட்டணமும் உச்சத்தில் நிற்கும். பண்டிகை முடிந்த கையோடு போனால் சூரத் புடைவைச் சந்தையே பல நாட்கள் மூடிக் கிடக்கும். ஓகஸ்ட் மாதத்தில் அல்லது செப்டெம்பர் முற்பகுதியில் போய் வருபவருக்கு டிக்கெட்டும் மலிவு, தெரிவு செய்யச் சரக்கும் அதிகம். வாரத்தின் நடு நாட்கள் பொதுவாக வெள்ளி, ஞாயிறு மாலைகளை விட மலிவு. விலையை கூகுள் ப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவற்றில் ஒப்பிட்டுப் பார்த்து, பின்னர் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் பாருங்கள். தொடக்கத்தில் மலிவாகத் தெரிந்த தளம், பணம் செலுத்தும் இடத்தில் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து விடுவது வழக்கம். எமது வங்கி அட்டை சில இந்தியத் தளங்களில் செல்லாது. அவ்வேளையில் ஊரிலுள்ள நம்பிக்கையான ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் சிறு தொகை வீண் செலவல்ல.

இனிப் பொதி விவகாரம். பலருடைய கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. கொழும்பிலிருந்து சென்னைக்கு உங்களுக்கு 20 அல்லது 30 கிலோ அனுமதித்திருப்பார்கள். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் அங்கே பொதுவாக 15 கிலோவும், கைப்பையாக 7 கிலோவும்தான். மேலதிகக் கிலோவுக்கு விமான நிலையத்தில் கேட்கும் கட்டணம், முன்கூட்டியே இணையத்தில் வாங்குவதை விடக் கூடுதலாக இருக்கும். இதை ஓர் உதாரணத்தில் பாருங்கள். அதிகாலை ஐந்து மணி விமானம் 4,500 இந்திய ரூபா, பகல் பதினொரு மணி விமானம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். அதிகாலையில் ஏற முதல்நாள் இரவு அறைக்கு 1,800, நடுச்சாமத்து டாக்ஸிக்கு 700 என்றால் மலிவு டிக்கெட் 7,000 ஆகி விட்டது. சரக்கை விமானத்தில் சுமப்பதும் அப்படித்தான். சூரத்தில் எடுத்த புடைவையை லொறிப் பார்சலில் சென்னைக்குப் போட்டு விட்டு, நீங்கள் மாதிரித் துணியுடன் மட்டும் பறப்பதே இலாபம்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவற விட்டால், இரண்டாவது நிறுவனம் அதற்குப் பொறுப்பல்ல. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்ப ஆளணியை ஒழுங்கு செய்யாததால் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான பயணங்களை இரத்துச் செய்தது. ஏனைய நிறுவனங்களின் கட்டணம் தாறுமாறாக ஏறியதால் இந்திய அரசு தற்காலிகமாக உச்ச விலை விதிக்க வேண்டி வந்தது. ஒரே டிக்கெட்டாக எடுத்தவரை அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக எடுத்தவர் தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டும். விலை வித்தியாசம் சிறிதானால் ஒரே டிக்கெட்டே மேல். தனியாகத்தான் எடுப்பதென்றால், சென்னையில் குடிவரவும் சுங்கமும் முடித்துப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், நாலைந்து மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதும் சமூகம் எமது. முன்னெழுத்துகள் வேறு. இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே காவலர் டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்தந்த ஊரின் விசேடங்களை அறிந்திருப்பது நல்லது. பேங்கொக்கில் இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமியில் இறங்கியவரின் மலிவு உள்நாட்டு விமானம் நகரின் மறுபுறமுள்ள டொன் முவாங்கிலிருந்து புறப்படக்கூடும். மும்பையிலும் 2025 டிசம்பர் முதல் நவி மும்பையில் இரண்டாவது நிலையம் இயங்குகிறது. நேபாளத்தில் உள்நாட்டு விமானத்துக்கு வெளிநாட்டவரிடம் கூடுதலான கட்டணம் வாங்குகின்றனர். சீனாவில் யீவூ சந்தைக்கு ஷாங்ஹாயிலிருந்து போக அதிவேக ரயில் போதும். அங்கே உள்நாட்டு விமானம் ஏறுபவர், சீனத் தரச் சான்றான 3சி அடையாளம் இல்லாத பவர் பேங்கை எடுத்துச் செல்ல 2025 ஜூன் 28 முதல் தடை உள்ளது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பயணம் நின்று போனால் மலிவு டிக்கெட்டில் எதுவும் திரும்பாது என்று பலர் அப்படியே விட்டு விடுகின்றனர். இந்திய விதிகளின்படி, பணம் திரும்பாத டிக்கெட்டானாலும் அதில் அடங்கிய அரசாங்க வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அந்தப் பணம் அவருடைய கணக்குக்கே வரும், அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.