ஈன்ற மாடு இளைப்பது ஏன்?

பெரம்பலூர் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் முக்கிய வெள்ளாமை. வேப்பந்தட்டையிலிருந்து அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வரை, மானாவாரி பொய்க்கும் ஆண்டுகளில் பல சிறு விவசாயக் குடும்பங்களைத் தாங்குவது ஒன்றிரண்டு கறவை மாடுகள். அந்த மாடு ஈன்ற சில வாரங்களில் விலா தெரிய இளைத்தால் வீடே கலங்கிப்போகிறது.

பால் ஏறும் வேகத்துக்குப் பசி ஏறாததே காரணம். பற்றாக்குறையை ஈடுகட்ட, மாடு தன் உடற்கொழுப்பைக் கரைக்கிறது.

கொழுப்பணுவில் துளியாகத் திரண்டிருக்கும் கொழுப்பைப் பெரிலிப்பின் என்ற புரதம் போர்த்திக் காக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் போதிய அளவு இருந்தால், கொழுப்பைப் பிளக்கும் நொதிகள் அடங்கிக் கிடக்கும். ஈன்றதும் இன்சுலின் குறைகிறது. வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது. நார்அட்ரினலினின் தூண்டுதலுக்குக் கொழுப்பணு எளிதில் இணங்குகிறது. பெரிலிப்பினில் பாஸ்பேட் ஏற, காவல் தளர்ந்து நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. ‘ஹார்மோன் உணர் லைப்பேஸ்’ ஒன்றே இதற்குப் பொறுப்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் அந்த நொதியே இல்லாத எலிகளிலும் கொழுப்பு கரைந்தது. முதல் வெட்டைப் போடும் ஏ.டி.ஜி.எல். என்ற நொதியை 2004இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

இதைவிட வியப்பானது லைப்போபுரோட்டீன் லைப்பேஸ். ரத்தத்தில் வரும் கொழுப்பைத் திசுவுக்குள் சேர்க்க உதவும் இந்த நொதி, ஈனும் காலத்தில் கொழுப்புத் திசுவில் தணிந்து பால்மடியில் ஓங்குகிறது. உடலில் சேரவேண்டிய கொழுப்பு கன்றுக்காக மடிக்குத் திரும்பிவிடுகிறது!

கரைந்த கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி ஈரலுக்குப் போய்க் கீட்டோன்களாகிறது. கீட்டோன் கூடும்போது அதுவே கொழுப்பணுவுக்குத் தடை சொல்லும். அந்தத் தடையையும் மீறிக் கொழுப்பு கரைந்தால் கீட்டோசிஸ் வருகிறது: மாடு அடர்தீவனத்தை ஒதுக்கும், பால் குறையும், மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வரும். சினைக்காலத்தில் கொழுக்கவைத்த மாட்டுக்கே ஆபத்து அதிகம். ‘சினை மாடு, நிறையப் போடு’ என்ற பாசம் அளவு மீறக்கூடாது.

ஈன்றபின் உதவுவது அந்தக் கரிசலின் மக்காச்சோளமே. அதன் மாவுச்சத்தை மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிரிகள் புரோப்பியானிக் அமிலமாக்குகின்றன. ஈரல் அதைக் குளுக்கோஸாக்குகிறது. இன்சுலின் உயர்ந்து கொழுப்பு கரைவது தணிகிறது. மாவைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். திடீரென அள்ளிப் போட்டால் வயிறு புளித்து வேறு நோய் வரும். கீட்டோசிஸ் முற்றிய மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் நரம்பில் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.