மருந்து மட்டும் போதுமா?

ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். மருந்து தருகிறார், குடிக்கிறோம், எழுந்து நடமாடுகிறோம். ஊரே காய்ச்சலில் விழுந்தால்? அதற்கு எந்தச் சீட்டில், எந்த மருந்தை எழுதுவது?

விடை சொன்ன டாக்டர் ஒருவர் உண்டு, தோழர்களே! ருடால்ஃப் விர்ஹோவ் என்பது அவர் பெயர், ஜெர்மானியர்.

பிரஷ்ய மன்னனின் ஆட்சியில் இருந்தது மேல் சைலீசியா. இன்று அதன் பெரும்பகுதி போலந்து நாட்டில் உள்ளது. அங்கே பஞ்சம் தலைவிரித்தாடியது. பஞ்சத்தின் பின்னாலேயே டைபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். பத்திரிகைகள் கூக்குரலிட்ட பிறகே அரசுக்குக் கண் திறந்தது! 1848 பிப்ரவரியில், 26 வயது இளைஞரான விர்ஹோவைப் பார்த்துவர அனுப்பியது.

ஏறத்தாழ மூன்று வாரம் சுற்றினார். கண்டது என்ன? நெருக்கியடித்த குடிசைகள். உருளைக்கிழங்கே உணவு, அந்த விளைச்சலும் பொய்த்துப்போனது. மக்கள் பேசியது போலிஷ். ஆளவந்தார் மொழியோ ஜெர்மன். நிலம் பிரபுவிடம், நோய் ஏழையிடம்!

அரசு எதிர்பார்த்தது மருந்துப் பட்டியல். அவர் தந்த பட்டியலோ வேறு! முழு மக்களாட்சி வேண்டும், கல்வி வேண்டும், மக்கள் மொழிக்கு உரிமை வேண்டும், ஏழையின் முதுகிலிருந்து வரிச்சுமையை இறக்க வேண்டும், சாலை வேண்டும், உழவு செழிக்க வேண்டும் என்றார். அந்த மார்ச்சில் பெர்லின் வீதிகளில் மக்கள் தடுப்பரண் எழுப்பியபோது அவரும் அங்கே நின்றார். பரிசு என்ன தெரியுமா? 1849-இல் பதவி போயிற்று. பெர்லினை விட்டே போக நேர்ந்தது!

டைபஸைப் பரப்புவது எது என்பது அன்று அவருக்குத் தெரியாது. உடையில் ஒட்டும் பேன்தான் என்பதை ஷார்ல் நிக்கோல் கண்டறிந்தது 1909-இல். பேன் எங்கே பெருகும்? மாற்றுத்துணி இல்லாதவன் உடலில். துவைக்க வழியற்ற வீட்டில். ஒருவர்மேல் ஒருவர் படுக்கும் குடிசையில்! பேனை அறியாமலே பேனின் கோட்டையை இடிக்கச் சொன்னார் விர்ஹோவ். அவர் பார்வை பழுதா? இல்லை, பழுது ஆட்சியில்!

அவர் ஓயவில்லை. 1856-இல் பெர்லின் திரும்பினார். 1859 முதல் நகரமன்றத்தில் அமர்ந்தார். பாதாளச் சாக்கடைக்காக வாதாடினார். 1873-இல் அந்த வேலை தொடங்கிற்று.

1986-இல் ஒட்டாவா நகரில் கூடிய உலக மாநாடும் இதையே ஏற்றது. அமைதி, வீடு, கல்வி, உணவு, வருமானம், சமூக நீதி ஆகியவை இன்றி உடல்நலம் இல்லை என்று அறிக்கை விடுத்தது.

ஆகவே தோழர்களே! ஆஸ்பத்திரி வேண்டும், மருந்தும் வேண்டும். ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவில் சாக்கடை தேங்குகிறதா? குழாய் வறண்டு கிடக்கிறதா? தொழிற்கூடத்தில் தூசி மூச்சை அடைக்கிறதா? கூடிப் பேசுங்கள், மனு எழுதுங்கள், மன்றத்தில் எழுப்புங்கள். அதுவும் மருத்துவமே! சலுகை கேட்கவில்லை நாம். உயிர் வாழும் உரிமையைக் கேட்கிறோம்!