டிஸ்னியின் அனிமல் கிங்டம்

டிஸ்னியின் அனிமல் கிங்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு அருகில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில் அமைந்துள்ள விலங்குகள் சார்ந்த கேளிக்கைப் பூங்கா ஆகும். இது 1998 ஏப்ரல் 22 அன்று திறக்கப்பட்டது.

சிறு குழந்தைகளுடன் செல்லுதல்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. விரைவான சவாரிகளுக்குக் குறைந்தபட்ச உயரம் வரையறுக்கப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, எக்ஸ்பெடிசன் எவரெஸ்ட் என்னும் ரோலர் கோஸ்டரில் ஏற 112 செ.மீ உயரம் தேவை. உயரம் போதாத குழந்தையுடன் பெற்றோருள் ஒருவர் காத்திருந்து, மற்றவர் திரும்பியபின் சவாரி செய்யலாம். அவர் முழு வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை. யானை, ஒட்டகச்சிவிங்கி முதலியவற்றை ஊர்தியிலிருந்து காணும் கிளிமஞ்சாரோ சஃபாரிக்கு உயர வரம்பு கிடையாது, கைக்குழந்தைகளும் செல்லலாம்.

பலூன்களையும் நெகிழி உறிஞ்சுகுழல்களையும் விலங்குகள் விழுங்கினால் அவற்றின் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆதலால் குழந்தைகளுக்காகவும் இவற்றைப் பூங்காவினுள் கொண்டுசெல்ல இயலாது.