அடுத்த வேலை எது? இயந்திரத்துக்கும் ஒரு பெரட்டு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியும் முன் தொழிலாளர்கள் கூடுவார்கள். பெயர் கூப்பிட்டு, யார் எந்த நிரையில் மரம் வெட்ட வேண்டும் என்று சொல்லப்படும். சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பெரட்டில் நடந்த வேலைப் பங்கீடோ இன்று கணினிக்குள் புது வடிவில் நடக்கிறது.

மென்பொருள் நிரலைத் தானே எழுதி, தானே சோதித்துப் பார்க்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை 'முகவர்கள்' என்கிறோம். 2025இல் வெளிவந்த கிளாட் கோட் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முகவர் வேகமாக வேலை செய்யும். ஆனால், அதன் நினைவுக்கு எல்லை உண்டு. ஓர் அமர்வு முடிந்ததும், எங்கும் எழுதி வைக்காத விஷயம் அடுத்த அமர்வுக்கு வந்து சேராது. நூறு வேலைகள் காத்திருக்கும்போது எதை முதலில் எடுப்பது என்று தடுமாறும். இதற்காகவே வேலைப் பரிந்துரைக் கருவிகள் வந்துள்ளன. ஸ்டீவ் யெகி 2025இல் வெளியிட்ட 'பீட்ஸ்' அவற்றுள் ஒன்று. வேலைகளையும், எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதையும் திட்டக் கோப்புகளோடு அது சேமித்து வைக்கிறது. முகவர் கேட்டால், தடையில்லாத வேலைகளை மட்டும் பட்டியலிடுகிறது.

எப்படி வரிசைப்படுத்துகிறது?

ரப்பரையே எடுத்துக்கொள்வோம். மரம் வெட்டினால்தான் பால் வடியும். பாலைச் சேகரித்த பின்தான் ஃபார்மிக் அமிலம் கலந்து உறைய வைக்கலாம். உறைந்த பின்தான் தகடாக உருட்டலாம். பிறகுதான் புகைக்கூண்டு. மழையில் பட்டை நனைந்தால் முதல் வேலை நின்றுவிடும். பின்னால் உள்ள எல்லாமே நிற்கும்.

இந்த வேலைகளைப் புள்ளிகளாக வரைந்து, 'இதற்குப் பின் அது' என்று அம்புக்குறியிடுங்கள். எந்த அம்பும் வந்து சேராத புள்ளிதான் இப்போதே செய்யக்கூடிய வேலை. அதை முடித்து நீக்கினால் அடுத்த புள்ளி விடுபடும். ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட வழிமுறை இதுவே. அம்புகள் வட்டமாகச் சுற்றினால் தொடங்க இடமே இருக்காது. கருவி அதைப் பிழை என்று சொல்ல வேண்டும்.

ஒரே நேரத்தில் பத்து வேலைகள் தயாராக இருந்தால்? எதை முடித்தால் அதிகமான வேலைகளுக்கு வழி திறக்கும் என்று கணக்கிடலாம். கூகுளை நிறுவிய லேரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998இல் இணையப் பக்கங்களைத் தரப்படுத்தக் கையாண்ட 'பேஜ்ரேங்க்' முறையும் சில கருவிகளில் பயன்படுகிறது.

உயிர் நாடி விளக்கக் குறிப்பில்

கருவி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், அதன் விளக்கக் குறிப்பு தெளிவாக இல்லையென்றால் பயனில்லை. குறிப்பில் ஏதாவது விடுபட்டால் மனிதர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். முகவர் பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்துவிடும்.

சில கேள்விகளைப் பாருங்கள். முன்னுரிமை எண் 1 என்றால் மிக அவசரமா, மிகக் குறைந்த அவசரமா? பட்டியல் காலியாக வந்தால் எல்லா வேலையும் முடிந்துவிட்டதா, எல்லாமே தடைபட்டு நிற்கிறதா? இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொள்ளும் முகவர், பாதி வேலையில் 'முடிந்தது' என்று அறிவித்துவிடும்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. பள்ளி மதிப்பெண் மென்பொருள் ஒன்றைக் கற்பனை செய்வோம். 'பழைய மதிப்பெண் அட்டவணையை நீக்கு' என்ற வேலை முடிந்தால் ஐந்து வேலைகளுக்கு வழி திறக்கும். கருவி அதை முதலிடத்தில் வைக்கும். அந்த மதிப்பெண்களுக்கு வேறு நகல் இல்லை என்பது அதற்குத் தெரியாது. அது அறிந்தது அம்புக்குறிகளை மட்டுமே.

ஆகவே நல்ல குறிப்பு மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். விடையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணுக்கும் என்ன பொருள்? இந்த வேலை ஏன் பரிந்துரைக்கப்பட்டது? எந்த வேலைக்கு மனிதரின் ஒப்புதல் கட்டாயம்? காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் நாம் குறுக்கிட்டு 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். கருவி மாறும்போது குறிப்பும் அன்றே மாற வேண்டும். பழைய குறிப்பையும் முகவர் உண்மை என்றே நம்பும்.

கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் இதை இன்றே செய்து பார்க்கலாம். அறிவியல் விழாவுக்கான வேலைகளை ஒரு தாளில் எழுதி அம்புக்குறியிடுங்கள். பிறகு, திட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத நண்பரிடம் கொடுத்து, 'எதை முதலில் செய்வாய், ஏன்?' என்று கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி.