எட்டு மூலைத் தங்கக் காசு

காசுமாலையில் கோக்கும் காசு வட்டமாக இருக்கும். ஆனால், ஜொகூர் ஆற்றங்கரையிலிருந்து ஆண்ட சுல்தான்கள் வெளியிட்ட தங்கக் காசுகளில் பல எட்டு மூலை கொண்டவை. அதன் பெயர் 'மாஸ்'. எடை ஏறக்குறைய இரண்டரை கிராம்தான். அதில் கால்பங்கு எடையுள்ள சிறு காசு 'கூப்பாங்'.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வெள்ளீயக் காசுகளே புழங்கின. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். சுல்தான் மாமூட் ஷா ஊர் ஊராக அலைந்து 1528இல் கம்பாரில் காலமானார். அவர் மகன் சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா ஜொகூர் ஆற்றங்கரையில் ஆட்சியை நிலைநிறுத்தித் தங்கக் காசு வெளியிட்டார். ஒரு பக்கம் அவர் பெயர். மறுபக்கம் முஸ்லிம் மக்களின் கலீபா என்று பொருள்படும் அரபுச் சொற்கள். தலைநகர் பறிபோன ஒருவர், சமயமும் ஆட்சியும் இன்னும் என் கையில்தான் என்று நாலு துறைமுகத்துக்கும் சொல்லி அனுப்பியதுபோல் இல்லையா?

சமயத் தலைவரே அரசராகவும் இருந்து காசு அடித்தது ஐரோப்பாவிலும் உண்டு. இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க்கை 1803 வரை பேராயர்களே ஆண்டார்கள். 1628இல் புதிய பேராலயம் அருட்பொழிவு செய்யப்பட்டபோது, பேராயர் பாரிஸ் லோட்ரோன் அதன் நினைவாகக் காசுகள் வெளியிட்டார். அங்கே ஒரு டுகாட் காசு மூன்றரை கிராம் தங்கம். பல டுகாட் எடையில் அடித்த பெருங்காசுகள் சந்தைக்குப் போவதற்கல்ல, பெரிய மனிதர்களுக்குப் பரிசளிப்பதற்கு. வாங்கியவர்களில் சிலர் வளையம் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டதும் உண்டு. நம் காசுமாலை ஆசை அங்கேயும் இருந்திருக்கிறது!

மாஸ் அப்படியல்ல, வணிகத்தில் கைமாறிய காசு. 1587இல் போர்த்துகீசியர் ஜொகூர் லாமாவை அழித்தார்கள். அந்த வட்டாரத்திலும் கோத்தா திங்கியிலும் பழங்காசுகள் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

கவலை இங்கேதான். இரண்டரை கிராம் தங்கத்தைப் பத்தரிடம் கொடுத்தால் ஒரு சிறு மோதிரம் செய்யலாம். உருக்கிய பிறகு, அதிலிருந்த சுல்தானின் பெயரை யாரும் வாசிக்க முடியாது. காசு எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். மண்ணில் இப்படிப் பழம்பொருள் கிடைத்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். அதுவரை தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம்; எழுத்து தேய்ந்துவிடும்.